அலையை வரைவதா, அலையின் நடையை வரைவதா?

2024 மே 14, மாலை: வாசகர் ஒருவரின் கேள்வி

இயற்கையைப் பார்த்து அரூப ஓவியம், அதாவது எந்தப் பொருளின் உருவத்தையும் நேரே காட்டாத ஓவியம், வரைகிறோம் என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். படத்தில் கடலும் இல்லை, மரமும் இல்லை. தலைப்பில் மட்டும் ‘கடல்’ என்று இருக்கிறது. அந்தத் தலைப்பை எடுத்துவிட்டுச் ‘சந்தை’ என்று போட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? கணினியில் வரைபவர்களின் வேலை இன்னும் எளிது. நொய்ஸ் என்னும் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் மேகமும் வருகிறது, அலையும் வருகிறது. பிறகு எதற்காகக் கடற்கரைக்குப் போகவேண்டும்? இயற்கையிடமிருந்து ஊக்கம் பெற்றேன் என்பது கண்காட்சிக் கையேட்டில் எழுதுவதற்கு வசதியான ஒரு வாசகம், அவ்வளவே என்பது என் கருத்து.

மே 14, இரவு: என் பதில்

தலைப்பை மாற்றினால் யாருக்கும் தெரியாது என்பது பல படங்களுக்குப் பொருந்தும். என் பழைய படங்கள் சிலவற்றுக்கும் பொருந்தும். எல்லாப் படங்களுக்கும் பொருந்தாது என்பதை ஒரு சிறிய விடயத்தைக் கொண்டு சொல்லப் பார்க்கிறேன்.

நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் குடியிருக்கிறேன். ஒழுங்கை முடியும் இடத்தில் மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற்கள், கற்களுக்கிடையே கொஞ்சம் மணல். பதினைந்து ஆண்டுகள் நீர்வண்ணத்தில் வரைந்தேன். கடந்த ஒன்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் டேப்லெட்டில் வரைகிறேன். 2022 பெப்ரவரியில் தொடங்கி ஆறு வாரம், காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை, அந்த மணலில் உட்கார்ந்து அலையை வரைவது என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டேன். முதல் வாரத்துப் படங்கள் எல்லாம் நாட்காட்டியில் வருகிற கடல்தான்: எழும் அலை, மடியும் அலை, வெள்ளை நுரை. இரண்டாம் வாரம் தூரத்தைப் பார்த்துக் கண் சலித்துப்போய்க் காலடி மணலைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒவ்வோர் அலையும் மணலில் ஏறி, தான் எட்டிய இடத்தில் நூல் பருமனான ஒரு கோட்டை விட்டுவிட்டுத் திரும்புகிறது. நுரையின் மிச்சமும் சிப்பித் தூளும் கரிய மணற்பொடியும் சேர்ந்த கோடு அது. நகத்தின் விளிம்பைப் போல வளைந்திருக்கும். அடுத்த அலை அதைவிட மேலே ஏறினால் பழைய கோடு முற்றாக அழிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மேலேறினால் அந்தப் பக்கம் அழிந்து, மறுபக்கம் வெட்டுண்டு நிற்கும். கீழேயே நின்றுவிட்டால் பழையது அப்படியே இருக்க, அதற்குக் கீழே புதிய கோடு ஒன்று சேரும். ஆகவே மணலில் எப்போதும் மேலே கிடப்பது பழையது, கீழே கிடப்பது புதியது; இடையில் வந்துபோன எத்தனையோ அலைகளுக்கு அங்கே அடையாளமே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கே கடப்பதே இல்லை. புதியது பழையதை முட்டும் இடத்தோடு பழையது முடிந்துவிடும்.

கொழும்புக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் இத்தனையும் சில அடி அகலமான ஒரு பட்டிக்குள்ளேயே நடந்து முடிகின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுவதையும் பார்த்துவிடலாம்.

இதைக் கண்டபிறகு நான் வரைந்தவற்றில் நீலம் இல்லை, நுரை இல்லை. பழுப்புத் தாளில் வளைகோடுகள் மட்டும் இருந்தன. ஆனால் அந்தப் படத்துக்குச் ‘சந்தை’ என்று பெயர் வைத்தால், அந்த மணலில் நின்று பார்த்த எவரும் அது பொய் என்று சொல்லிவிடுவார். ஒரு கோடு மற்றொன்றைக் குறுக்கே கடந்துவிட்டால் அது தவறான கோடு. அரூப ஓவியத்தில் இது சரி, இது தவறு என்று சொல்வதற்கு எனக்குக் கிடைத்த அந்த இடத்தையே நான் இயற்கையிடமிருந்து பெற்றது என்கிறேன். அலையின் உருவத்தை விட்டுவிட்டு அதன் நடையை எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் நொய்ஸ் கட்டளை மேடுபள்ளத்தைத் தரும். ஒன்று மற்றொன்றை அழிப்பது அதற்குத் தெரியாது. அது இயற்கையின் மேற்பூச்சு மட்டுமே.

மே 16

மேற்பூச்சு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாளாக அந்தச் சொல் உறுத்துகிறது.

அந்தக் கட்டளைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கென் பேர்லின் என்பவர் 1982 இல் வெளிவந்த ‘ட்ரோன்’ திரைப்படத்தின் கணினிக் காட்சிகளில் வேலை செய்தவர். அக்காலக் கணினிப் படங்களில் எல்லாப் பரப்புகளும் வழுவழுவென்று எந்திரத்தனமாக இருந்தது அவருக்கு நிறைவு தரவில்லை. அந்த நிறைவின்மையிலிருந்தே 1983 இல் இந்த முறையை உருவாக்கி, 1985 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1997 இல் அதற்காக அமெரிக்கத் திரைப்பட அக்கடமி அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது. முறை எளியது: ஒரு கட்டவலையின் ஒவ்வொரு முனைக்கும் எழுந்தமானமாக ஒரு திசையைக் கொடுத்து, முனைகளுக்கு இடைப்பட்ட இடத்தை மென்மையாக நிரப்புவது. பிறகு அதே கோலத்தைப் பாதி அளவில், கால் அளவில் என்று சிறிதாக்கி மேலே மேலே சேர்ப்பது. பெரிய குன்றின் மேல் சிறு மேடு, சிறு மேட்டின் மேல் கல், கல்லின் மேல் சொரசொரப்பு. மலையையும் மேகத்தையும் மரப்பட்டையையும் உற்றுப் பார்த்த ஒருவருக்கே இப்படி அடுக்கத் தோன்றும்.

ஆகவே கட்டளையைத் தட்டச்சுச் செய்பவர் எதையும் பார்க்காவிட்டாலும், அதை ஆக்கியவர் பார்த்திருக்கிறார். இரவல் பார்வையில் குற்றம் இல்லை. நாம் எல்லோரும் ஏதோ ஒன்றை இரவல் வாங்கியே வரையத் தொடங்குகிறோம். அதோடு நின்றுவிட்டால் ஆயிரம் பேர் ஒரே மேகத்தை வரைவார்கள், இப்போது நடப்பதுபோல.

மே 27

மணல் வளைவுகளைக் கணினியில் செய்து பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்தேன். பீ5.ஜேஎஸ் என்னும் இலவச நிரலகத்தில், ஒவ்வொரு புதிய வளைவும் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மணல் நிறத்தால் மூடிவிட்டுத் தன் விளிம்பை வரைய வேண்டும் என்று எழுதினேன். இருபது வரிகூட வராது. அலையின் உயரத்தை எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

படம் உயிரில்லாமல் இருந்தது. விதி சரி, கோடு எதுவும் குறுக்கே கடக்கவில்லை, ஆனாலும் அது அந்தக் கரை இல்லை. என்ன பிழை என்று தெரியாமல் இரண்டு வாரம் கழிந்தது. பிறகு மறுபடி கரைக்குப் போய், வரையாமல், ஒவ்வோர் அலையும் ஏறிய தூரத்தை ஒரு கொப்பியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மட்டும் குறித்தேன். இருநூறு அலைக்குப் பிறகு பக்கத்தைப் பார்த்தபோது விளங்கியது. பெரிய அலைகள் சிதறி வருவதில்லை; மூன்று நான்காகச் சேர்ந்து வருகின்றன. பிறகு நீண்ட நேரம் சிறியவை, பிறகு மறுபடி ஒரு கூட்டம். கடலில் அலைநீளம் சற்றே வேறுபட்ட அலைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்து உயரும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அமர்த்தும். மீன்பிடிக்கிறவர்கள் எல்லோரும் அறிந்த விடயம். வள்ளத்தை எப்போது இறக்குவது என்று அதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். வரைகிற எனக்குத்தான் இருநூறு அலை தேவைப்பட்டது.

எழுந்தமான எண்ணை எடுத்துவிட்டு, காலம் சற்றே வேறுபட்ட இரண்டு அலைகளைக் கூட்டி உயரத்தைக் கணிக்கச் செய்தேன். உடனே வளைவுகள் மேலே நெருங்கி, நடுவே வெறுமையாகி, கீழே மறுபடி நெருங்கின. மிருதங்கத்தில் சொல்லும் இடைவெளியும் மாறி மாறி வருவதுபோல ஒரு கட்டு அதில் வந்தது. திரைக்கு முன்னால் தனியே நின்று கைதட்டினேன்.

ஜூன் 9

இயற்கையிலிருந்து அரூபத்துக்குப் போவது ஐரோப்பியர் வழி, நமக்கு அது ஒட்டாது என்ற கருத்துக்கு மறுமொழி.

டச்சு ஓவியர் மொண்டிரியானை எடுத்துக்கொள்வோம். 1908க்கும் 1910க்கும் இடையில் ஒரு சிவப்பு மரம் வரைகிறார். அது மரமாகவே இருக்கிறது. 1911 இல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைகளுக்கு இடைப்பட்ட வெளியும் கிளையளவு கனமாகிவிடுகிறது. 1914, 1915 ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்தின் டொம்பேர்க் கரையில், கடலும் அதற்குள் நீளும் மரப்பாலமும் சிறு கூட்டல், கழித்தல் குறிகளாகிவிடுகின்றன. வழி ஐரோப்பாவுக்கு உரியது என்றாலும், ஒன்றையே ஆண்டுக்கணக்காகப் பார்ப்பது எந்த நாட்டின் சொத்தும் இல்லை.

கொழும்பிலேயே ஓவியர் ஜோர்ஜ் கிளாசன் இருந்தார். 1909 இல் பிறந்தவர், ஓவியத்தை முறையாகப் பயிலாதவர், கொழும்புத் துறைமுகத்தில் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். 1943 இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் முன்னின்று கூட்டிய, 43 குழு என்னும் ஓவியர் அமைப்பில் ஒருவர். இலங்கையில் அரூப ஓவியத்தைத் தொடங்கியவர்களுள் முதலில் சொல்லப்படுபவர் அவர். பகல் முழுதும் கப்பல் துறைக்கான கோட்டை அளவுகோல் வைத்து வரைந்த கை, மாலையில் அளவில்லாத கோட்டைத் தேடியிருக்கிறது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. 43 குழுவினரின் படங்களைப் பார்க்க விரும்புபவர்கள் கொழும்பு பாண்ஸ் பிளேஸில், அக்குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் உள்ள சபுமல் மன்றத்துக்குப் போகலாம். வீட்டுச் சுவரில், வீட்டு வெளிச்சத்தில் பார்க்கலாம்.

இந்திய ஓவியர் நஸ்ரீன் மொஹமதியையும் (1937–1990) சேர்த்துக்கொள்ளுங்கள். பரோடாவில் கற்பித்தவர், தாளில் மெல்லிய கோடுகள் மட்டும் வரைந்தவர். கடற்கரையையும் மணலையும் நடைபாதையையும் அவர் எடுத்த புகைப்படங்களை வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவில்லை. படங்களுக்குப் பின்னால் இருந்த பார்வை அவற்றில்தான் இருக்கிறது.

ஜூன் 11

மழை. தண்டவாளம் வரை போய்ப் பார்த்தேன். தென்மேற்குப் பருவக் கடல் மணலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அலை நேரே கல்லில் அடிக்கிறது. நான் பெருமையாக எழுதிய வளைவுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

ஜூன் 30

நிறத்தைப் பற்றிக் கேட்டவருக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் நான் பெரிதாகச் சறுக்கினேன்.

சென்ற ஆண்டு கொழும்பு நகரின் நடுவே உள்ள பேர வாவியை வைத்து ஏழு படங்கள் டேப்லெட்டில் வரைந்தேன். நகரத்தில் உள்ள ஓர் அச்சகத்தில் கன்வஸில் அச்சிடக் கொடுத்தேன். திரையில் இளந்தளிராக ஒளிர்ந்த பச்சை, அச்சில் வாடிய வாழையிலையாக வந்தது. அச்சகத்தில் நின்ற இளைஞரிடம் கோபமாகக் கதைத்துவிட்டு, பணத்தையும் கொடுத்துவிட்டு, சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உண்மையில் அவர் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு மையோ, விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரையின் மிகப் பிரகாசமான பச்சைகள் நான்கு மைகளின் எல்லைக்குள் வருவதே இல்லை. அச்சுக்குப் போகும் படம் என்றால் முதல் நாளே அச்சின் நிற எல்லைக்குள் இருந்து வரைய வேண்டும். கணினியில் வரையும் இளையவர்கள் இதை என்னைப் போலப் பணம் கொடுத்துக் கற்க வேண்டாம்.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த நாள் மதியம், அந்த வாடிய அச்சை எடுத்துக்கொண்டு கங்காராம விகாரைப் பக்கமாக வாவிக் கரைக்குப் போய், தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சு வாவிக்கு நெருக்கமாக இருந்தது. டேப்லெட்டில் அதே படத்தைத் திறந்து பிடித்தேன். அது வாவிக்குச் சம்பந்தமே இல்லாமல் மின்னியது. நான் மூன்று மாதம் வரைந்தது வாவியின் பச்சையை அல்ல, என் திரையின் பச்சையை. வாவியை இரண்டு முறை புகைப்படம் எடுத்து, அந்தப் படத்தின் நிறத்தையும் கூட்டி, வீட்டுக்குள் இருந்து வரைந்ததன் பலன் அது.

அதன்பிறகு குவாஷ் என்னும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணமும் தாள் துண்டுகளுமாக நான்கு நாள் போனேன். காலை ஏழு மணிக்கு ஒரு துண்டு, நண்பகலில் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று. தண்ணீரின் நிறத்தைக் கலந்து, துண்டில் பூசி, தண்ணீரோடு ஒப்பிட்டு, சரியாகும் வரை திருத்தினேன். பன்னிரண்டு துண்டுகளில் பச்சை என்று தயங்காமல் சொல்லக்கூடியவை இரண்டே. காலையில் வானத்தின் சாம்பல்தான் தண்ணீரின் நிறம். நண்பகலில் பயறு அவித்த நீர். மாலையில் பால் குறைந்த தேநீர், அதன்மேல் கட்டடக் கண்ணாடிகளின் செம்பு. கரையோர மரங்களில் கூழைக்கடாக்களின் எச்சம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. அந்த வெள்ளையும் வெள்ளை இல்லை, மிக இலேசான மஞ்சள்.

அந்தப் பன்னிரண்டு துண்டுகளையும் வரிசையாக ஒட்டியதே இன்று வரை நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த அரூப ஓவியம். அதில் நான் கற்பனை செய்தது எதுவும் இல்லை.

ஜூலை 4

“அந்தப் பச்சை, கழிவுநீர் ஊட்டி வளர்த்த பாசியின் பச்சை. அதை அழகாக்கி வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது சரியா?” என்று கேட்டிருக்கிறார்கள். உடனே எழுத முடியவில்லை.

2021 இல் கொழும்புக்கு அப்பால் சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கியபோது, அதிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குருணைகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியதை எல்லோரும் அறிவோம். அந்த ஆண்டு இறுதியில் நீர்கொழும்புப் பக்கம் போனபோதும் அவை மணலில் கிடந்தன. அப்போது எனக்கு வளைவுகளின் விதி தெரியாது. வெள்ளைக் குருணைகள் மணலில் அழகான வளைவுகளாகக் கிடப்பதைப் பார்த்து, புகைப்படம் எடுத்து, அழகு என்று எண்ணியதற்காக வெட்கப்பட்டு அழித்துவிட்டேன். இன்று யோசித்தால், அலை சிப்பித் தூளை எப்படி ஒதுக்குமோ அப்படித்தான் பிளாஸ்டிக்கையும் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் படத்தை அழித்திருக்கக் கூடாது. வளைவை வரைந்து, அது எதனால் ஆனது என்பதை மறைத்தால் அதுவே தவறு.

வாவித் துண்டுகளுக்கு அடியில் இப்போது நாளும் மணியும் எழுதியிருக்கிறேன். நண்பகல் துண்டுக்குப் ‘பாசி’ என்று பெயர். கொழும்பு 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. அதே நகரத்தின் நடுவில்தான் இந்தத் தண்ணீரும் இருக்கிறது. பார்ப்பவர் இரண்டையும் சேர்த்து எண்ணட்டும்.

ஜூலை 21

கோலத்தை ஏன் மறந்துவிட்டோம் என்று கேட்டவருக்கு நன்றி. உண்மையில் மறந்துதான் போனேன், வாசலிலேயே இருந்தும்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மூன்றாம் மாடி வாசலில் சிக்குக் கோலம் போடுவார். 1980களின் இறுதியில் திருச்சியில் இருந்த காலத்தில் அயல்வீட்டாரிடம் கற்றுக்கொண்டது. வழுக்கும் தரையோட்டில் அரிசிமா நிற்காது என்பதால் ஈரத்துணியால் துடைத்து, அது காய்வதற்கு முன் போடுவார். ஏழு புள்ளி, ஐந்து, மூன்று, ஒன்று. இது பூவா, கொடியா என்று கேட்டேன். “பூவுமில்லை ஒண்டுமில்லை. புள்ளியிலை முட்டாமல் சுத்திப்போய்த் துவங்கின இடத்துக்கே வரவேணும்” என்றார். மணல் வளைவுக்கு நான் கண்டுபிடித்ததாக நினைத்த விதியின் இனத்தைச் சேர்ந்த விதி: எதை முட்டக்கூடாது, எங்கே முடிய வேண்டும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலங்களை இலக்கண விதிகளாகப் பிரித்து, கணினியியலில் பட இலக்கணம் என்று சொல்லப்படும் துறைக்குக் கொண்டுபோனார்கள். உயிரியலாளர் லிண்டன்மயர் 1968 இல் பாசியும் செடியும் வளர்வதை இதேபோல எழுத்து மாற்று விதிகளாக எழுதியிருந்தார். இன்று கணினியில் வளரும் மரங்கள் பல அந்த வழியில் வந்தவை. செடி வளரும் விதியும் வாசல் கோலத்தின் விதியும் ஒரே மாதிரியான எழுத்தில் அடங்குகின்றன என்பதை நான் முதன்முதலில் அறிந்தபோது, அம்மாவுக்கு அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், புள்ளி வைக்க மட்டும் உதவினேன்.

கோலம் இயற்கையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. எறும்புக்கு அது போய்ச் சேருகிறது என்பது மட்டும் நிச்சயம். பத்து மணிக்குள் ஒரு மூலை காணாமல் போய்விடும்.

ஓகஸ்ட் 18

கடற்கரையில் உட்கார்ந்தே வரைய வேண்டும் என்பதுபோல நான் எழுதிவருகிறேன் என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். 43 குழு ஓவியர் ஐவன் பீரிஸைச் சுட்டிக்காட்டுகிறார். அவர் சொல்வது சரி.

ஐவன் பீரிஸ் (1921–1988) 1953 இல் இங்கிலாந்துக்குப் போய், சவுத்எண்ட் என்னும் கடலோர நகரத்தில் வாழ்ந்து, அங்கிருந்தே இலங்கைக் கரையை வரைந்துகொண்டிருந்தார். அவை முழு அரூபம் அல்ல. மனிதர் இருப்பார்கள், மரம் இருக்கும். ஆனால் மணல் ஒரு பட்டை, கடல் ஒரு பட்டை, வானம் ஒரு பட்டை என்று கரை ஒடுங்கிவிட்டது. பக்கத்தில் கடல் இருக்க, தொலைவில் உள்ள கடலை வரைந்தவர் அவர். நினைவு ஒரு சல்லடை. சிறியவற்றை விட்டுவிட்டுப் பெரியவற்றை வைத்துக்கொள்கிறது. நான் ஆறு வாரம் உட்கார்ந்து செய்ததை அவருக்குப் பிரிவு செய்து கொடுத்திருக்கிறது.

இதை எழுதும்போது நெய்தல் திணை நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அங்கே வாழ்வன, வளர்வனவற்றைக் கருப்பொருள் என்கிறது. அங்கே நிகழும் உணர்வை உரிப்பொருள் என்கிறது. நெய்தலுக்கு நிலம் கடற்கரை, பொழுது எற்பாடு என்னும் சூரியன் சாயும் நேரம், உணர்வு இரங்கல். படத்திலிருந்து புன்னையை எடுத்துவிடுங்கள், சுறாவை எடுத்துவிடுங்கள், வள்ளத்தையும் வலையையும் எடுத்துவிடுங்கள். கருப்பொருள் அத்தனையும் போனபிறகும் நிலமும் பொழுதும் இரங்கலும் மிஞ்சினால், அது நெய்தல்தான். அரூப ஓவியத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த மொழியிலும் படித்ததில்லை. முதல் கேள்விக்கு மே மாதமே இதைப் பதிலாக எழுதியிருக்க வேண்டும். கருப்பொருள் இல்லாத படத்தில், உரிப்பொருளும் இல்லை என்றால், நீங்கள் சொல்வதுபோலத் தலைப்பை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம்.

செப்டெம்பர் 8

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய அன்னாசிப்பழத்தின் கண்களை எண்ணச் சொல்லி ஒரு நிறப்பேனாவைக் கொடுத்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறும் வரிசைகள் 8, எதிர்ப்பக்கம் ஏறுபவை 13. புதிய முளை ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை தள்ளி, இடம் அதிகமாக உள்ள பக்கத்தில் தோன்றுவதால் இந்த எண்கள் வருகின்றன. சூரியகாந்தியில் 34, 55 என்று வருவதும் இதே காரணத்தால்தான். 1979 இல் வோகல் என்பவர் இதை ஒரே வரிச் சூத்திரமாக எழுதினார். கணினியில் வரையத் தொடங்கும் எல்லோரும் முதல் மாதத்தில் இந்தச் சுருளை வரைகிறார்கள். நானும் வரைந்தேன். விதி துல்லியம், படம் சுவர்க்கடிகாரம் போல.

இதனால் மே மாதம் எழுதியதில் எனக்கே ஐயம் வந்துவிட்டது. விதி கிடைத்தால் போதும் என்றால் இந்தச் சுருள் உலகின் மிகச் சிறந்த ஓவியமாக இருக்க வேண்டுமே.

பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நின்று, “இஞ்சை ஒரு கண் பிழையாக் கிடக்கு” என்றாள். இரண்டு கண்களுக்கு நடுவே நெருக்குண்ட ஒரு சிறு கண். அதன் அருகில் வரிசை கொஞ்சம் விலகி, இரண்டு கண் தள்ளிப் போய்த் தன்னைச் சரிசெய்துகொண்டு மேலே ஏறியது. அந்த இடத்தில் தாளை வைத்து, கண்களின் விளிம்பை மட்டும் பென்சிலால் எடுத்தேன். முழுப் பழத்தையும் சூத்திரத்தால் வரைந்த படத்தைவிட, உள்ளங்கையளவு அந்தத் துண்டு உயிரோடு இருக்கிறது. விதி ஒன்றில் இடறி, மறுபடி தன் வழிக்கு வரும் இடம் அது. ஜூனில் மணல் இல்லாத கரையைப் பார்த்து வளைவு இல்லை என்று திரும்பி வந்துவிட்டேனே, கல்லில் அடித்த அலை என்ன செய்தது என்று பார்க்காமலே வந்துவிட்டேனே என்று இப்போது வருந்துகிறேன்.

வேரா மொல்னார் என்னும் ஹங்கேரியப் பெண்மணி 1968 இலிருந்து கணினியில் வரைந்தவர், 2023 இல் தொண்ணூற்றொன்பது வயதில் மறைந்தார். ஒழுங்கான கோடுகளில் சிறிதளவு ஒழுங்கின்மையைச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். பிரெஞ்சு ஓவியர் செசான் திரும்பத் திரும்ப வரைந்த சென்-விக்டுவார் மலையை அவரும் கோடுகளால் திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் சேர்த்த அந்தச் சிறிதளவு எதற்கு என்று அன்னாசிப்பழத்துக்குப் பிறகுதான் எனக்குப் பிடிபடுகிறது.

செப்டெம்பர் 10

செயற்கை நுண்ணறிவிடம் ‘அரூபக் கடல்’ என்று கேட்டால் நொடியில் வருகிறதே என்றவருக்கு: கேட்டுப் பார்த்தேன், நான்கு படம் வந்தது. நான்கிலும் நீலம், நான்கிலும் பொன் கோடு. பல இலட்சம் பேர் வரைந்ததன் சராசரி அது. அன்னாசியின் பிழையான கண் சராசரியில் முதலில் காணாமல் போவது.

டிசம்பர் 8

மணல் திரும்பி வந்திருக்கிறது. முழுவதும் இல்லை, பெரிய கல்லைச் சுற்றி ஒரு திண்ணை அளவு. அலை அந்தக் கல்லில் இரண்டாகப் பிரிந்து, பின்பக்கத்தில் மறுபடி சந்திக்கிறது. சந்திக்கும் இடத்தில் இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று முட்டி, நடுவில் மீனின் முதுகெலும்பு போல ஒரு கோடு உண்டாகிறது. வளைவுகள் ஒருபோதும் குறுக்கே கடப்பதில்லை என்று மே மாதம் எழுதினேன். இங்கே ஒரே அலையின் இரண்டு கைகள் ஒரு நொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் போகின்றன. அந்த வரியைத் திருத்தி வாசியுங்கள்.

முதல் கேள்வியைக் கேட்டவர் நேற்று ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். கல்கிசையில் மகனோடு காலையில் போய் எடுத்தது. மேல் வளைவுக்குச் சற்று மேலே நண்டு வளைகள். ஒவ்வொரு வளையிலிருந்தும் நண்டு வெளியே எறிந்த மணல், விசிறிபோல ஒரே பக்கமாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு விசிறியின் பாதியை அலை வழித்துக்கொண்டு போயிருக்கிறது; மறுபாதி அப்படியே இருக்கிறது. “இதற்கு உங்கள் நிரலில் இடம் இருக்கிறதா?” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்.

இடம் இல்லை. என் நிரலில் எல்லாம் கடலிலிருந்து மேலே வருவதுதான்; கரையிலிருந்து கடலை நோக்கி எறிகிற எவரும் அதில் இல்லை. நாளை காலை ஐந்தரைக்குப் பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு கல்கிசைக்குப் போகிறேன். அவரும் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.